கதவைத் திறக்க ஓர் ஆள்

அம்மா வர மாட்டேன் என்று சொன்னதை லிண்டால்வா முதலில் விளையாட்டென்றுதான் நினைத்தாள். சாவோ பாலோவிலிருந்து பேருந்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பு மரத்துப்போயிருந்தது. கடைசியாக ஊர் வண்டிக்காரன் ஜிவானில்டுவின் வேனில், ஒரு பக்கம் சிமெண்ட் மூட்டை, மறுபக்கம் யாரோ வாங்கிப் போகிற சேவல் என்று நெருக்கியடித்துக்கொண்டு சொந்த ஊரான ரியாஷு டோர்ட்டுவில் வந்து இறங்கியிருந்தாள். முகத்தில் அப்பியிருந்த செம்மண்ணைக்கூட இன்னும் கழுவவில்லை.

"பெட்டி எங்கம்மா? எடுத்து வச்சாச்சா?" என்று கேட்டதற்கு, அம்மா டொர்வலீனா சோளப்புட்டைத் தட்டில் கொட்டியபடி, "பெட்டி எதுக்கு? நான்தான் எங்கயும் போகலையே" என்றாள். போன வாரமே முடிந்துபோன விஷயத்தைச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

திங்கட்கிழமை காலையில் ரெசிஃபி பெரியாஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அந்தத் தேதியை வாங்குவதற்கு லிண்டால்வா தான் வேலை பார்க்கும் தையல் கூடத்தின் சாப்பாட்டு நேரங்களையெல்லாம் தொலைபேசியிலேயே கழித்திருந்தாள். விட்டால் திரும்ப வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அம்மாவின் வலது கண் ஏற்கெனவே பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. காப்பியில் வெல்லத்துக்குப் பதில் உப்பு விழுகிறது என்று பக்கத்து வீட்டுக் கிட்டேரியா போனில் சொன்ன பிறகுதான் லிண்டால்வா விடுப்பு கேட்டுக் கிளம்பினாள்.

காரணம் என்னவென்று துருவியபோது அம்மா சுவரைக் காட்டினாள். தச்சுத் தொழில் செய்த புனிதர் சூசையப்பரின் சுரூபம் நிற்கிற சின்ன மாடம் காலியாக இருந்தது. விரித்த பூத்துணி மட்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

லிண்டால்வாவுக்குப் புரிந்துவிட்டது. மார்ச் பிறந்தும் மழை இல்லையென்றால், யாராவது ஒரு வீட்டுச் சூசையப்பரைத் திருடிக்கொண்டுபோய் ஒளித்து வைப்பது ஊர் வழக்கம். சொந்த வீட்டுக்குத் திரும்பும் ஆசையிலாவது அவர் மழையைக் கூட்டிக்கொண்டு வருவாராம். மழை பெய்ததும், எடுத்தவர்கள் அவரை அலங்கரித்து, பாட்டும் வெடியுமாகப் பவனி வந்து வாசலில் நிற்பார்கள். வீட்டு ஆள் உள்ளேயிருந்து கதவைத் திறந்து அவரைக் கையில் வாங்க வேண்டும். வந்த அத்தனை பேருக்கும் காப்பியும் கேக்கும் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கதவு பூட்டிக் கிடந்தால், அந்த வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை.

"நாளைக்கே பேஞ்சிருச்சுன்னு வையி" என்றாள் அம்மா. "ஊரே அவரத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கும். நான் ரெசிஃபில கட்டில்ல படுத்துக் கெடந்தா, யாருடி தெறப்பா?"

"எங்கம்மா பெய்யுது? வானத்தப் பாருங்க, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு."

"எனக்கு எங்கடி வானம் தெரியுது?"

லிண்டால்வா தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். புட்டைத் தின்றாள். அதில் உப்பே இல்லை.

வேறு வழியில்லை, சுரூபத்தைக் கண்டுபிடித்து மாடத்தில் வைத்துவிட்டால் அம்மாவுக்குச் சாக்கு இருக்காது. சாப்பிட்ட கையோடு கிளம்பினாள். சின்ன ஊர்தான். இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் வாழ்த்துச் சொல்வார்கள். யார் எடுத்தார்கள் என்பது நாய்க்குட்டி முதற்கொண்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கேட்டால் ஒருவர் வாயும் திறக்கவில்லை, காப்பி குடிக்கச் சொல்ல மட்டும் திறந்தது. போன வீட்டிலெல்லாம் உட்காரச் சொன்னார்கள். சாவோ பாலோவில் குளிரா என்று கேட்டார்கள், ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்றார்கள், கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். சூசையப்பரைப் பற்றிக் கேட்டதும் கூரையைப் பார்த்தார்கள். நாலைந்து வீடு ஏறி இறங்குவதற்குள் அவள் வயிறு காப்பிப் பானையாகிவிட்டது.

கிட்டேரியா அத்தை மட்டுமாவது சொல்லுவாள் என்று நம்பினாள். அம்மாவும் அவளும் பாவாடை கட்டிய காலத்திலிருந்து சிநேகிதிகள், வீடுகளுக்கு நடுவில் ஒரு குச்சி வேலிதான். கிட்டேரியா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று லிண்டால்வா எழுந்தபோது, அடுப்பங்கரையெல்லாம் ஒரே புகை, நீ இரு என்று தானே போய் மொண்டு வந்தாள்.

"யாரு எடுத்தாங்களோ, நான் என்னத்தக் கண்டேன்" என்றாள். "நல்ல கையிலதான் இருப்பாரு. நீ ஏன் கெடந்து தவிக்கிற?"

"அம்மா கண்ணு போயிருமே அத்தை."

கிட்டேரியாவின் கை ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான். பிறகு மறுபடி மொச்சை உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை லிண்டால்வாவுக்கு அனீசியுவின் மேல் சந்தேகம் விழுந்தது. எதிர்வரிசையில் ஆடு வளர்க்கிற ஒண்டிக்கட்டை. வேலி விஷயமாகத் தெருவில் பாதிப் பேரோடு சண்டை, மீதிப் பேரோடு பேச்சு வார்த்தை கிடையாது. அந்த மனிதன் வீட்டு ஜன்னல் வழியாகப் பட்டப்பகலில் மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிந்தது. தண்ணீர் லாரி வந்து ஊதியதும் அவன் குடங்களோடு ஓடினான். லிண்டால்வா புழக்கடை வழியாக நுழைந்தாள். மேசையின் மேல் சூசையப்பர் நின்றுகொண்டிருந்தார். துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கள்ளிக்காட்டுப் பக்கமாக ஓடிவந்தாள். வழியில் முள் குத்தியது, ஆடு ஒன்று கூடவே கத்திக்கொண்டு வந்தது, செருப்பு வார் அறுந்தது. இருந்தாலும் வந்த வேலை முடிந்தது என்று வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

டொர்வலீனா சுரூபத்தை மடியில் வைத்து விரல்களால் தடவிப் பார்த்தாள்.

"இது நம்மவர் இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"நம்மவருக்குச் சுண்டு விரல் கெடையாது. சின்னப் பிள்ளையில நீதான் கீழ போட்ட. இவருக்கு எல்லா விரலும் முழுசா இருக்கு." குனிந்து முகர்ந்தாள். "ஆட்டு வாடை வேற அடிக்குது. ஏடி, அனீசியுவோட சொந்தச் சாமியத் தூக்கிட்டு வந்துட்டியா?"

லிண்டால்வா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டுவதற்கு முன் அனீசியு வந்தான். துண்டும் கையுமாக அவள் ஓடியதைத் தெருவே பார்த்திருந்தது. கத்தப் போகிறான், அரிவாளோடு வந்திருந்தாலும் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே அவள் கதவைத் திறந்தாள். குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டையும் கையில் தொப்பியுமாக அவன் நின்றான். தொப்பிக்குள் வாழையிலையில் பொதிந்த ஆட்டுப் பாலாடைக்கட்டி இருந்தது. அம்மாவுக்கு என்று நீட்டினான்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து ஒருத்தரும் எங்க வீட்டுச் சூசையப்பரத் தொட்டதில்ல" என்றான். "வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்தி வச்சு, கதவையும் சாத்தாம போட்டுட்டுத் தண்ணிக்குப் போவேன். ஒரு நாய் எட்டிப் பாக்காது. இந்த வருசம் நீ வந்த."

லிண்டால்வா அவசரமாகச் சுரூபத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், இதோ வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மழை பேஞ்சுதா?"

"இல்ல மாமா, ஆனா..."

"பேயலேல்ல? அப்புறம் எதுக்குக் குடுக்குற?"

சுண்ணாம்பு ஊற வைத்துவிட்டானாம், நாளைக்கே முன்சுவருக்கு அடிக்கப் போகிறானாம். பவனி வரும்போது வீடு பார்க்கும்படி இருக்க வேண்டாமா என்றான். போகிற போக்கில், மழை பெய்யும்வரை எடுத்தவர் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது லிண்டால்வாவுக்குத் தெரிந்திருக்கும் என்றும், சாவோ பாலோவில் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துவது தன் கடமை என்றும் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிட்டேரியா, ஆமாம், அது வழக்கம்தான் என்றாள். உள்ளேயிருந்து அம்மாவும், ஆமாம் என்றாள்.

அப்போதுதான் லிண்டால்வாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நாள்கணக்காகப் பேருந்தில் குலுங்கியது, வீட்டுக்கு வீடு குடித்த காப்பி, காலில் இன்னும் இருந்த முள் எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தன.

"சரி, நான் எங்கயும் போகல. நானே இங்க உக்காந்து கெடக்கேன். நம்ம சாமி வந்தா நான் கதவத் தொறக்கறேன். இவரு சாமிய நானே தூக்கிட்டுப் போறேன். அம்மா போய்க் கண்ணக் காட்டிட்டு வரட்டும். போதுமா? எல்லாருக்கும் நிம்மதியா?"

அனீசியு தொப்பியைத் தலையில் வைத்தான். கிட்டேரியா கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு, டொர்வலீனாவோடு தான் போவதாகவும், ரெசிஃபியில் கடலைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை என்றும் சொன்னாள். அம்மா உள்ளேயிருந்து, "அப்ப என் பச்சைப் பூப்போட்ட கவுனுக்கு இஸ்திரி போடணும்" என்றாள்.

ஆத்திரத்தில் சொன்னது என்று லிண்டால்வா விளக்கப் பார்த்தாள். ஆத்திரத்தில் சொன்னாலும் சொன்னதுதானே என்பதுபோல மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண், லிண்டால்வா நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

மறுநாள் கோவில் மேட்டுக்கு ஏறினாள். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனுக்கு உயிர் வரும். தையல் கூடத்து மேற்பார்வையாளரிடம், வீட்டுக்கு ஒருவர் திரும்பி வர வேண்டியிருக்கிறது, அதுவரை இருந்தாக வேண்டும் என்றாள்.

"யாரு?"

"வயசானவரு. தச்சு வேலை செய்றவரு."

"எப்ப வர்றாரு?"

"மழை பேஞ்சா வந்துருவாரு."

மாதக் கடைசி வரை பார்ப்பதாகவும், அதற்குமேல் அவள் மிஷினில் வேறு ஆள் உட்காரும் என்றும் சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் வைத்துவிட்டார்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேன் வந்தது. ஜிவானில்டு ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அம்மா பச்சைக் கவுனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். லிண்டால்வா பையைக் காலடியில் வைத்து, ஆஸ்பத்திரிக் காகிதம் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும், ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கசக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அதில் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"மேகம் ஏதாச்சும் தெரியுதாடி?"

"ஒண்ணுமே இல்லம்மா."

"சரி. நான் வந்து பாத்துக்கறேன்."

கிட்டேரியா வறுத்த கோழியும் கிழங்குமாவுப் பொட்டலமுமாகப் பின்னால் ஏறினாள். வண்டி உறுமிய பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, லிண்டால்வாவின் உள்ளங்கையில் தன் வீட்டுச் சாவியை வைத்தாள்.

"கோழிக்குத் தண்ணி வையி. அப்புறம் அடுப்பங்கரையில, மாவு டப்பாவுக்குப் பின்னால, மெழுகுவத்தி அணையாம பாத்துக்க."

"அங்க எதுக்கு மெழுகுவத்தி?"

கிட்டேரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் கிளம்பியது. புழுதி அடங்கும் வரை லிண்டால்வா சாவியோடு நின்றாள்.

கிட்டேரியா வீட்டு அடுப்பங்கரையில் புகையே இல்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால், சுண்டு விரல் இல்லாத கையால் லில்லிப் பூவைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வீட்டுச் சூசையப்பர் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர். அதற்கு அப்பால் குச்சி வேலி. அதற்கு அப்பால் அவருடைய காலி மாடம்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். மழை இல்லாமல் அவர் நேராக வீட்டுக்குப் போகவும் முடியாது; எடுத்தவர் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று ஆமாம் போட்ட கிட்டேரியாவே காவலை அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். மழை பெய்தால் இவரை இந்த வீட்டிலிருந்து பாடிக்கொண்டே தூக்கி வர வேண்டும். பாதிப் பாட்டில் யார் கையிலாவது கொடுத்துவிட்டு, வேலியைத் தாண்டி ஓடி, தன் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும். பிறகு அதே கதவைத் திறந்து, இப்போதுதான் பார்ப்பதுபோல இவரைக் கையில் வாங்க வேண்டும். அதோடு அனீசியு வீட்டுக்கு இன்னொரு பவனி. இதற்கெல்லாம் நடுவில் ஊருக்கே காப்பி போட வேண்டும்.

"நல்லா இருக்கும்" என்றாள் அவரிடம். "ரொம்ப நல்லா இருக்கும்."

தெருவுக்கு அந்தப் பக்கம் ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த அனீசியு, ஓடைக்குள்ளிருந்து எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறது என்று உரக்கச் சொன்னான். மழைக்கு அது நிச்சயமான அடையாளமாம். அவள் ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தாள். தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கும்போல, ஒரு கீறல்கூட இல்லாத நீலமாக இருந்தது அது.

புது மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்தாள். மாதக் கடைசிக்குள் வருவதாக இருந்தால் வாரும் என்று முணுமுணுத்தாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, கேக்குக்குப் போதுமான சோளமாவு இருக்கிறதா பார்க்க டப்பாவைத் திறந்தாள். அடியில் ஒரு கைப்பிடி இருந்தால் அதிகம். கிட்டேரியாவைத் திட்டிக்கொண்டே, அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.