மூன்றாவது வீட்டின் பத்திரம்

பத்திர எழுத்தர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களிலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டு முடித்தாள். பகவதி, பகவதி, பகவதி என்று ஒன்பது பக்கம், தமிழில். ஒவ்வொரு பக்கத்தையும் அப்பா வாயால் ஊதினார். மை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. நான் சாட்சி. பட்டான்செரு கெமிக்கல் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து நேராக சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு வந்திருந்தேன். சட்டையில் கெமிக்கல் வாடை. வீட்டை வாங்க வந்திருந்த விஜயகுமாரி டீச்சர் எனக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவர்மேல் தப்பில்லை.

இது அம்மா விற்கும் மூன்றாவது வீடு. அம்மா பெயரில் இருப்பதால் அப்படிச் சொல்கிறேன். கட்டுவதும் விற்பதும் அப்பா.

அப்பா ரகுநாதனுக்கு மத்திய சர்க்கார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிரமோஷன். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஆயுதம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு. சொந்த வீட்டில் இரண்டு வருஷம் நாமே குடியிருந்து, பிறகு விற்று, அடுத்த இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு வீடு கட்டிக் குடிபோனால், விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. அந்தப் பக்கத்தை அவர் யாரோ ஆடிட்டரிடமிருந்து தட்டச்சு செய்து வாங்கி வைத்திருந்தார். "சம்பளத்துல வரிய நம்ம கையில குடுக்கதுக்கு முன்னாலயே புடிச்சிக்கிடுதான். இதுல அவன் கைய வைக்க முடியாதுல்லா?" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிரும். எனக்கு அது பிடிக்கும். சர்க்காரை எதிர்த்து அவர் செய்த ஒரே காரியம் அது, அதுவும் சர்க்காரே எழுதிக்கொடுத்த வழியில்.

முதல் மனை சனத்நகரில், எழுபத்தொன்றில், அம்மாவின் நகையை விற்று வாங்கியது. நகை அவளுடையது என்பதால் அவள் பெயரிலேயே பதிந்தார்கள். கம்பெனியில் சொத்து பற்றிக் கேள்வி வராது. அப்பாவுக்குப் பெயர் என்பது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். அடுத்தது மூசாப்பேட். அதற்கடுத்தது குகட்பள்ளி. ஒவ்வொரு தடவையும் மனையின் மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு ஒரு வருஷம் குடியிருப்போம். கண்முன்னால் வீடு எழும்பும். சுவருக்குத் தண்ணீர் ஊற்றத் தனி ஆள் வைத்தால் கூலி. அதனால் அம்மாதான் காலையிலும் சாயங்காலமும் பக்கெட் தூக்குவாள். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானமும். கான்கிரீட் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கு ஏணி ஏறுவாள். ஒருமுறை மேஸ்திரி ஜேம்ஸ், அம்மாவையே பக்கத்து சைட்டுக்கும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வேடிக்கையாகச் சொன்னார். அப்பா சிரித்தார். அம்மா, "கூலி என்ன குடுப்பிய?" என்று கேட்டாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வீடு முடிந்து உள்ளே போனாலும் அது வாங்கப்போகிறவரின் வீடுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். தாளிப்பது பின்பக்கம், ஷெட்டில். நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டதற்கு இதெல்லாம் காரணம் இல்லை. எனக்குப் படிக்கப் பிடிக்கவில்லை. அப்பா மட்டும், "மூணு வீட்டுல ஒண்ணுலயாது இவனுக்குப் படிப்பு ஏறிருக்கணும்" என்று வருகிறவர்களிடம் சொல்வார், வாஸ்துக் கோளாறு போல.

நாலாவது மனை சந்தாநகருக்கும் அப்பால். ரோடு இல்லை, கரண்டு இல்லை, தண்ணீர் லாரியில் வரும். டீச்சர் கொடுத்த அட்வான்ஸ் அந்த மண்ணுக்குள் போய்விட்டது. அங்கே ஷெட் போட்டாகிவிட்டது.

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் வயதானவர், வெற்றிலை போட்ட வாய். பத்திரத்தைப் புரட்டினார். அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் தெலுங்கில் கேட்டார். இந்தக் கையெழுத்து உங்களுடையதா, இந்த வீட்டை விற்க உங்களுக்குச் சம்மதம்தானா? ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கேட்பார். மைப்பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் ரேகைக்காக ரிஜிஸ்தரைத் திருப்பிக்கூட வைத்துவிட்டார்.

அம்மா கையை நீட்டவில்லை. முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கையெழுத்து நாதே," என்றாள், அவளுக்கு வந்த தெலுங்கில். "சம்மதம் லேது." கையெழுத்து என்னுடையதுதான், சம்மதம் இல்லை.

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. மின்விசிறிக்குக் கீழே பியூன் காகிதங்களை அமுக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டான். சப்-ரிஜிஸ்ட்ரார் மைப்பெட்டியை மூடினார். வீட்டுச் சண்டையை வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள் என்று பத்திரத்தை அப்பா பக்கம் தள்ளினார். அதில் கோபம் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அப்பா அம்மாவை மறித்து நின்றார்.

"ஏட்டி, என்ன கேட்டாருன்னு வெளங்கித்தான் சொன்னியா?"

"வெளங்கித்தான் சொன்னேன்."

"முன்ன ரெண்டு தடவையும் இதத்தான கேட்டாவ? தலைய ஆட்டுனேல்லா?"

"அப்பம் தெலுங்கு வெளங்கல. ஆட்டுன்னு நீங்கதான கண்ணக் காட்டுனிய."

"வீட்டுல வச்சுச் சொல்லிருக்கலாம்லா? இப்படி நடுச் சபையில..."

"தீவாளிக்குச் சொன்னேன். அட்வான்ஸ் வாங்கையில சொன்னேன். நேத்து சாதம் போடையில சொன்னேன், நீங்க மோரு கேட்டிய." அம்மா மூச்சு விட்டுக்கொண்டாள். "அந்த மனுசன்தான் சம்மதமான்னு கேட்டாரு. கேட்டவருக்குச் சொன்னேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏல, ஒங்க அம்மைட்ட நீயாது சொல்லுல."

"நான் சாட்சிக் கையெழுத்துப் போடத்தான் வந்தேன்," என்றேன்.

டீச்சர் ஒரு தூணருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் புரிந்துவிட்டது. பத்து நாளில் அட்வான்ஸ் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் தன் தம்பி வக்கீல் என்று அப்பாவிடம் தெலுங்கில் சொன்னார். அம்மாவிடம், முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் லீவு வீணாகியிருக்காது என்றார். அதற்கு மட்டும் அம்மா கை கூப்பினாள்.

"பத்து நாள்ல எங்க போவேன்?" அப்பா பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "இந்தக் கணக்கு தப்பிச்சுன்னா வருமான வரிக்காரன் வந்து வரி கட்டச் சொல்லுவான், தெரியுமா? பத்து வருசமா வீடு வித்ததுல ஒத்தப் பைசா அவனுக்குக் குடுக்காமக் கொண்டாந்துட்டேன்."

"விக்காத வீட்டுக்கு என்னத்த வரி?"

அப்பா சுருட்டிய பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கினார்.

"சந்தாநகர் மனைய வில்லுங்க," என்றாள் அம்மா. "அதுவும் எம் பேருலதான் கெடக்கு. அதுக்கு எங்க கூப்ட்டாலும் வந்து கையெழுத்துப் போடுதேன். மூணு வீட்டுக்குத் தண்ணி ஊத்தியாச்சு. இனி ஒரு செங்கலுக்கு ஊத்த மாட்டேன்."

அவள் ரோட்டுக்கு நடந்தாள். அப்பா வரட்டும் என்று நிற்கவில்லை. பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினாள். நான் பின்னால் நின்று என்னுடையதை வாங்கிக்கொண்டேன். அவளை மெச்சிச் சொல்லத் தோன்றவில்லை. பத்து நாளில் மனை விற்காது. டீச்சரின் தம்பி நிஜமாகவே வக்கீல். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

குகட்பள்ளி வீட்டில் சாமான்கள் எல்லாம் கோணியில் கட்டி ஹாலில் கிடந்தன. அம்மா எதையும் பிரிக்கவில்லை. குழாயில் முகம் கழுவினாள். வாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டு, நிலைப்படிக்கு உள்ளே, வெறும் தரையில் குறுக்காகப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் ஒன்று படிக்கு வெளியே நீண்டு வெயிலில் கிடந்தது. தூங்கவேண்டிய நான் கோணிமேல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு அப்பா கேட்டைத் திறந்தார். படியருகே வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே வர வேண்டுமானால் அவளை எழுப்ப வேண்டும், அல்லது தாண்ட வேண்டும். என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. வெறுங்காலில் சிமெண்டுச் சூடு பொறுக்காமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். அவர் நிழல் மட்டும் அம்மாவின் பாதத்தின் மேல் விழுந்து, வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது.