எமிலி பேருக்கு ஓர் அர்ச்சனை

புதுச்சேரிக்காரரான தேவநாதன் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, மனைவியின் ஊரான திருத்தணிக்கே வந்து தங்கிவிட்டார். அன்று மலைப்படி ஏறும்போது, மாலி நாட்டுச் சண்டையில் அடிபட்ட முழங்கால் வலிக்கவே, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்த மைத்துனன் முருகவேல் சிரித்தான். "இன்னா பாவா, சரண்டரா? பிரெஞ்சு பட்டாளம் வெள்ளைக்கொடிய பாக்கெட்லயே வெச்சிகினு திரியுமாமே!"

ஊரே சொல்லும் கிண்டல்தான். முன்பெல்லாம் இதைக் கேட்டால் சண்டைக்குப் போவார். இப்போது அதற்கெல்லாம் அலுப்பாக இருந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

"நீ போயிட்டு வாப்பா. எமிலின்னு ஒரு பொண்ணு பேருக்கு அர்ச்சனை பண்ணிடு."

"யாரு பாவா அது?"

"என்கூட இருந்த பிரெஞ்சுக்காரன் மக. அடிபட்ட என்னைத் தூக்கிக்கிட்டு ஓடும்போதுதான் அவங்கப்பன் குண்டு பட்டுச் செத்தான்."

முருகவேல் தட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு படியேறினான்.