பேத்தியின் சத்தமும் என் கையெழுத்தும்

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சண்டை போடக்கூடத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் பக்கத்துக் காம்பராக்காரனுக்கு உங்கள் மேல் கோபம் என்றால், வாசலில் வந்து நின்று உங்கள் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டுவான். நீங்களும் திட்டலாம். தொண்டை வற்றியதும் இரண்டு பேரும் பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். இப்போது அப்படியில்லை. காலையில் "சாப்பிட்டீங்களா?" என்று சிரிக்கிறார்கள். பின்னேரம் உங்களைப் பற்றிப் பெட்டிஷன் எழுதித் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்புகிறார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றியும் ஒன்று போனது. அதில் முதல் கையெழுத்து யாருடையது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெட்டிஷன் என் பேத்தி தனுஜாவைப் பற்றியது. அப்போது அவளுக்கு ஏழு வயது. மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை. கால் இரண்டும் விறைப்பு, நடக்க மாட்டாள். பேச்சும் இல்லை. ஆனால் ரப்பர் பால் வாளிகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். பிடிக்காத ஆள் வந்தால் கண்ணைக் கொட்டாமல் முறைப்பாள். அந்தக் குணம் மட்டும் என் பக்கத்திலிருந்து வந்தது.

அவள் அம்மா, என் மகள் சுமித்ரா, ரப்பர் மலையில் பால் வெட்டுகிறாள். விடிவதற்குள் மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. மருமகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பிள்ளை ராத்திரியில் கத்தத் தொடங்கிய பிறகு அவனுக்கு லீவு கிடைப்பதே இல்லையாம். ஆகவே பகலில் பிள்ளையைப் பார்ப்பது நான். முப்பத்தெட்டு வருடம் பால் வெட்டிய எனக்கு இது பெரிய வேலையா என்று நினைத்தேன்.

அவள் கத்துவது சாதாரணக் கத்தல் இல்லை. நடுச்சாமத்தில் தொடங்கும். மூன்று மணிக்குத்தான் ஓயும். எங்கள் லயம் ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள்; ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரை போகாது. இந்தக் கோடியில் ஒருவன் இருமினால் அந்தக் கோடியில் ஒருத்தி "சுக்கு வச்சுக் குடிங்க" என்பாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை மூன்று மணி நேரம் கத்தினால் என்ன ஆகும்?

நான் யாரையும் நம்பாத ஆள். இருந்தும் எல்லாரும் சொன்னதைச் செய்தேன். பூசாரி கயிறு கட்டினார். பக்கத்துக் காம்பரா அந்தோனியம்மா மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். கடைக்காரர் தாஸிம் பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் தந்தார். கீழ்க் கிராமத்திலிருந்து பேய் விரட்டுகிற கட்டாடி வந்து, இது ரீரியக்கா என்ற பேயின் பார்வை, சிவப்புச் சேவல் வேண்டும் என்றான். சேவல் வாங்கினேன். பூசை முடிந்ததும் சேவலை அவன் கொண்டுபோகப் பார்த்தான். விடவில்லை. குழம்பு வைத்துத் தின்றோம். அன்றைக்கும் கத்தினாள். மூன்று மதமும் ஒரு பேயும் சேர்ந்து என் பேத்தியைத் தூங்க வைக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லயத்துக்குப் புதுக் கூரைத் தகரம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஒரு பின்னேரம் தாஸிம் கடைக்குப் போனேன். உள்ளே ஐந்தாறு பேர் ஒரு தாளைச் சுற்றி நின்றார்கள். நடுவில் அந்தோனியம்மாவின் மகன் ஜெறோம். ரப்பர் பெக்டரியில் வேலை செய்கிறவன். என்னைக் கண்டதும் தாளை மடித்தான்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. இது உங்களுக்கு இல்ல."

"ஏன் எனக்கு இல்ல? என் கூரை ஒழுகலையா? மழை என் காம்பராவுக்கு மட்டும் லீவா?"

"காத்தமுத்தண்ணே, விடுங்க. இது வேற விஷயம்," என்றார் தாஸிம்.

"வேற விஷயம்னா எதுக்கு மறைக்கிறீங்க? என் பேர விட்டுட்டுத் தகரத்தப் பங்கு போடலாம்னு பாக்குறீங்களா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது!"

ஜெறோம் கையிலிருந்து தாளைப் பிடுங்கினேன். சிங்களத்தில் எழுதியிருந்தது. தோட்டத்துக் கடிதங்களை எல்லாம் தாஸிம்தான் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பார். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, சந்தையில் சிங்களவனையே பேச்சில் மடக்குவேன். ஆனால் எழுத்து? தமிழிலேயே என் பெயர் ஆறு எழுத்து மட்டும்தான் தெரியும். அந்த ஆறையும் தாளின் உச்சியில், எல்லாருக்கும் மேலே, கொட்டை எழுத்தில் போட்டேன்.

ஜெறோம் கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேனாவைத் திருப்பி வாங்கும்போது தாஸிம் என்னைப் பார்த்தார். செத்த வீட்டில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இவர்கள் மூக்கு உடைபட்டுவிட்டது, அதனால்தான் இப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கால் கட்டுப் புகையிலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி நடந்து வந்தேன்.

நாலாம் நாள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் இந்திரகுமார் மோட்டார் சைக்கிளில் வந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது. சுமித்ராவும் வேலை முடிந்து வந்திருந்தாள்.

"அக்கா, நீங்க கவலப்படாதீங்க," என்று தொடங்கினார். "இரத்தினபுரிப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு ஒரு இல்லம் இருக்கு. ஒரு இடம் காலியா இருக்குதாம். பெட்டிஷன் வந்ததும் கேட்டுப் பாத்தேன்."

"என்ன பெட்டிஷன்?" என்றாள் சுமித்ரா.

அவர் தாளை எடுத்து வாசித்தார். பிள்ளையின் சத்தத்தால் லயத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை, வேலை கெடுகிறது, வீட்டாரால் பார்க்க முடியாத பிள்ளையை ஒரு இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும். பதினொரு பேர் ஒப்பம்.

"எந்த நாய்டா போட்டது?" என்று நான் எழும்பினேன்.

உத்தியோகத்தர் தாளை என் பக்கம் திருப்பினார். "முதல் கையெழுத்தே நீங்கதானே தாத்தா? வீட்டுப் பெரியவரே கேட்டிருக்காரேன்னுதான் நான் ஓடி வந்தேன்."

ஆறு எழுத்தும் என்னைப் பார்த்தன. தகரம், கூரை, மழை என்று ஏதேதோ உளறினேன். மாதக் கடைசியில் வருகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் போய்விட்டார்.

சுமித்ரா பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"யாரு எதக் குடுத்தாலும் மோந்து பாத்துத்தான் வாங்குவீங்க. பஸ்ல மிச்சக் காச மூணு தரம் எண்ணுவீங்க. நீங்க போயி என்னான்னு கேக்காமக் கையெழுத்துப் போட்டீங்களா? இத நான் நம்பணும்?"

நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"என் புள்ளய எங்கயும் அனுப்ப மாட்டேன்," என்றாள். "நீங்க வேணும்னா போங்க."

மறு செவ்வாய் அவள் லீவு போட்டுப் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எங்கள் டவுன் புளத்கொகுபிட்டியவிலிருந்து பஸ்ஸில் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொள்ளக் கேட்டேன். தரவில்லை.

டாக்டர் ஒரு சின்னச் சிங்களப் பொம்பளை. பிள்ளையின் காது, பல், வயிறு எல்லாவற்றையும் பார்த்தாள். நோவு ஒன்றும் இல்லை என்றாள். பிறகு கேள்வி. சுமித்ராவுக்குச் சிங்களம் கொஞ்சம் தட்டும், ஆகவே நான் முந்திக்கொண்டேன்.

"பகல்ல யாரு பாத்துக்கிறது?"

"நான்தான்."

"பகல்ல தூங்குவாளா?"

"அருமையாத் தூங்குவா," என்றேன் பெருமையாக. "ஒன்பது மணிக்குப் படுத்தா மூணு மணி வரைக்கும் அசைய மாட்டா. நானும் பக்கத்துலயே படுத்துக்குவேன்."

"ராத்திரி கத்தினா என்ன செய்வீங்க?"

"சாயத்தண்ணி குடுப்பேன்."

"எப்படிச் சாயம்?"

"நல்லாக் கடுப்பா. தோட்டத்துல குடுக்கிற தேயிலைத் தூள். ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வாயில வைப்பேன்."

"ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை?"

"கத்துறப்பெல்லாம். குடிச்சு முடிக்கிற வரைக்கும் சத்தமே இருக்காதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். சுமித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் லயங்களில் பால் மறந்த பிள்ளைக்கே சாயத்தண்ணிதான். யாரும் அதை ஒரு சாமானாகவே நினைப்பதில்லை. தண்ணீருக்கு நிறம் போட்டது, அவ்வளவுதான்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தூக்கம் எப்படியும் கொஞ்சம் கஷ்டம்தான்," என்றாள் டாக்டர். "ஆனா நீங்க பகல்ல தூங்க வைக்கிறீங்க, ராத்திரியில தேத்தண்ணி குடுத்து எழுப்புறீங்க. கத்தினா தாத்தா வருவாரு, கருப்பட்டி வரும்னு அவ கத்துக்கிட்டா. கெட்டிக்காரி."

பகலில் அரை மணிக்கு மேல் தூங்க விடக் கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு சாயம் கூடாது. ராத்திரி ஒரே நேரத்தில் உடம்பு துடைத்து, ஒரே இடத்தில் படுக்க வைக்க வேண்டும். கத்தினால் பக்கத்தில் போய் முதுகைத் தடவலாம். விளக்கு, பேச்சு, தின்பண்டம் எதுவும் இல்லை. முதல் வாரம் இன்னும் கூடும், பயந்து விட்டுவிடாதீர்கள். ஒரு மாதத்தில் சரிவரவில்லை என்றால் மருந்து பார்க்கலாம். இதற்கா டாக்டர் படிப்பு? ஒரு ஊசிகூட இல்லை. நேரம் தவறாமல் செய் என்று பால் வெட்டுகிறவனுக்கே பாடம்!

திரும்பும் பஸ்ஸில் சுமித்ரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று நான் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கத்துறான்னு கையெழுத்துப் போட்டது பதினொரு பேரு," என்றாள். "கத்த வச்சது ஒரே ஆளு. அந்தாளும் பதினொண்ணுல ஒருத்தரு." பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

முதல் வாரம் டாக்டர் சொன்னது ஒன்று மட்டும் பலித்தது. சத்தம் கூடியது. ஜெறோம் சுவருக்கு மேலே குரல் கொடுத்தான்.

"மாமா, என்னாங்க, முந்தியவிட ஜாஸ்தியா இருக்கு?"

"டாக்டர் சொன்னபடி நடக்குதுடா. பொத்திக்கிட்டுப் படு."

பகல்தான் எனக்குத் தண்டனை. பிள்ளை தூங்கக் கூடாது என்றால் நானும் தூங்கக் கூடாது. இடுப்பில் வைத்துக்கொண்டு பீலிக்கு, கோயிலுக்கு, பால் நிறுக்கிற இடத்துக்கு என்று அலைந்தேன். வாளிச் சத்தத்துக்கு அவள் சிரிப்பாள். ஒரு நாள் தாஸிம் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். விழித்தபோது வாயோரம் ஈ மொய்த்தது. பிள்ளை என் மடியில் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தாள். "அவதான் உங்களப் பாத்துக்கிட்டா," என்றார் தாஸிம்.

இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி சத்தமே இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை மாதம் கத்திய பிள்ளை ஏன் கத்தவில்லை? மூச்சு இருக்கிறதா? மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. உலுக்கினேன். கத்தினாள். லயம் முழுக்க எழும்பியது.

"அப்பா," என்றாள் சுமித்ரா இருட்டில், "அடுத்த பெட்டிஷன் உங்க மேலதான்."

மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இந்திரகுமார் வந்தார். லயத்து வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"வாரத்துல ரெண்டு நாள்தான் சார் இப்ப கத்துது," என்றாள் அந்தோனியம்மா. "அதுவும் கொஞ்ச நேரந்தான். என் மகன் குறட்ட அத விடப் பெருசு."

ஜெறோம் தலையைச் சொறிந்தான். "அந்தக் கடிதாசியக் கிழிச்சிருங்க சார். எழுதியிருக்கக் கூடாது."

உத்தியோகத்தர் சுமித்ராவைப் பார்த்தார். "என் புள்ள என்கிட்டதான் இருக்கும்," என்றாள். அவ்வளவுதான். இல்லத்து இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்று அவர் தாளை நாலாகக் கிழித்தார். துண்டுகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுப்புப் பற்றவைக்கத்தான்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். "தாத்தா, வர்ற வெள்ளிக்கிழமை பிள்ளைங்களப் பாத்துக்கிற மடுவத்துல தாய்மாருக்குக் கூட்டம். ராத்திரியில சாயத்தண்ணி குடுக்கிறத நிப்பாட்டினதுதான் பலன்னு நீங்க வந்து சொல்லணும்," என்றார்.

"யாரு சொன்னா அதுதான் பலன்னு?"

"பின்ன என்ன?"

"இந்தத் தோட்டமே சாயத்தண்ணியில வளந்திச்சு. இந்தா நிக்கிற என் மகளும்தான் குடிச்சு வளந்தா. தூங்காமலா இருந்தா? புள்ளைக்குக் கத்திக் கத்தி அலுத்துப் போயிருக்கும். இல்லாட்டி மழை விட்டிருச்சு. சேவல் பூச லேட்டாப் பிடிச்சிருக்கும், யாருக்குத் தெரியும்?"

"அப்போ இன்னிக்கு ராத்திரி ஒரு கோப்பை குடுத்துப் பாப்போமா?" என்றாள் சுமித்ரா. எல்லாரும் சிரித்தார்கள். ஜெறோம்தான் சிரிக்காமல் "வேணாங்க மாமா" என்றான்.

அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. மணி ஒன்பதரை, தனுஜாவுக்குக் கண் சொருகத் தொடங்கியிருந்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டு ரோட்டில் ஏறினேன். பின்னால் அந்த டாக்டரைப் புகழ்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. புகழட்டும். வாரத்தில் அந்த இரண்டு நாள் ஏன் கத்துகிறாள்? அதற்கு மட்டும் அந்த அம்மாவிடம் பதில் இருக்கிறதா?