மூன்றாம் மாடிப் பால்கனி

செங்கல் கைமாறிக்கொண்டே வந்தது. இடிந்த கொதிகலன் கூடத்திலிருந்து தெருவோரம் நின்ற லாரி வரைக்கும், எதிரிலிருந்த இரு அடுக்குமாடிக் கட்டடங்களின் ஆட்களும் ஒரே வரிசையாக நின்றிருந்தார்கள். புருல் வரிசையின் நடுவில் இருந்தாள். இடப்பக்கம் வாங்கி வலப்பக்கம் கொடுக்க வேண்டும். கையுறையின் விரல் நுனிகள் தேய்ந்து ஓட்டையாகிவிட்டன. வாரம் முழுக்கத் தையல் கூடத்தில் மெஷினோடு மல்லுக்கட்டும் கைகள்தான். ஆனால் இந்தச் சுரசுரப்பு அவற்றுக்குப் புதிது.

கம்பளி பூட்ஸ் தொழிற்சாலை மூடியதிலிருந்து அந்த நிலம் அப்படியே கிடந்தது. குப்பை, நாய், போதை ஊசி போடும் பையன்கள் என்று அதற்குச் சொந்தக்காரர்கள் பலபேர். கட்டடக் கமிட்டித் தலைவி ஜூரா நகராட்சிப் படி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்த பிறகு, ஒருவழியாக ஒரு வார்த்தை கிடைத்தது. இடிபாட்டை நீங்கள் அகற்றுங்கள், விளையாட்டுத் திடலுக்குப் புல்லும் விளக்கும் நாங்கள் போடுகிறோம். அதனால்தான் சனிக்கிழமைதோறும் இந்த அஷார். அஷார் என்றால் கூலி கிடையாது. வீட்டுக்கு ஓர் ஆளாவது வந்து நிற்க வேண்டும். மூன்றாம் மாடியில் இருந்த புருலின் வீட்டில் மகள் நுராயைத் தவிர இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவள் கணவன் சகின் கட்டுமான வேலைகளில் வெல்டர். அன்று அவனுக்கு வேலையில்லாத நாள். தூங்கப் போகிறேன் என்றவனை ஜூராதான் வாசலில் வந்து நின்று எழுப்பிக்கொண்டு போனாள்.

"புருல், உன் வீட்டுக்காரர் கோல் கம்பம் செய்றேன்னு உள்ள போனாரு. தூங்கிட்டாரா பாரு," என்றான் பக்கத்தில் நின்ற மக்சாத். கீழ்வீட்டுக்காரன், வேன் ஓட்டுபவன்.

"தூங்குறவர் கையிலேருந்து நெருப்புப்பொறி பறக்குமா? நீங்க கல்லைக் கவனமா புடிங்க. என் கால்ல போட்டீங்கன்னா திங்கக்கிழமை உங்க பொண்டாட்டிதான் எனக்குப் பதிலா தைக்கப் போகணும்."

"அவ தைச்சா சட்டைக்கு மூணு கை இருக்கும்."

வரிசை சிரித்தது. உள்ளே சகின் பழைய நீராவிக் குழாயை அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. குழாய் தரையில் விழுந்த ஒலி வந்தது. அதற்கடுத்து, யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஓர் ஓசை. அந்தக் குழாய்தான் சுவரை இத்தனை வருஷமாகத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. கூடத்தின் வாசலிலிருந்து சிவப்புப் புழுதி எழுந்து வந்து எல்லோர் மீதும் படிந்தது.

சகினைத் தோண்டி எடுத்தபோது நினைவு இருந்தது. "கால் எங்க?" என்று கேட்டான். கால்கள் இருந்தன. கழற்றிய கதவொன்றில் படுக்க வைத்து மக்சாத்தின் வேனில் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனை அறுவை சிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தலைமுடியில் செங்கல் தூளோடு புருல் நடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஜூரா வந்தாள். கூடவே நகராட்சியில் திடல் வேலையைப் பார்க்கும் இஸ்கெந்தர் என்ற இளைஞன். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். ஜூரா புருலின் தலையைத் தன் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை.

"அக்கா, நான் சுருக்கமா சொல்லிடறேன்," என்றான் இஸ்கெந்தர். "இப்ப போலீஸ்காரர் வருவாரு. எங்க அடிபட்டுச்சுன்னு கேப்பாரு. திடல்லன்னு சொன்னீங்கன்னா இன்னிக்கே சீல் வெச்சிடுவாங்க. விசாரணை முடிய வருஷக்கணக்காகும்."

"அப்புறம் எங்கன்னு சொல்றது? அவர் அங்கதானே..."

ஜூரா அவள் கையைப் பிடித்தாள். "சீல் வெச்சா திடல் போச்சு புருல். அங்க பதினாலு மாடி கட்டறேன்னு ஒருத்தன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறான், உனக்குத் தெரியும். நம்ம புள்ளைங்க மறுபடி ரோட்டுலதான் பந்து ஆடணும். போன வருஷம் ரோட்டுல பந்து எடுக்கப்போய் வண்டியில அடிபட்ட புள்ளையை நீதானே தூக்கிட்டு வந்த?"



"விசாரணை வந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுக்கா," என்றான் இஸ்கெந்தர். "அவர் யாருக்கிட்டயும் வேலைக்குச் சேரல. அஷார்தானே. யாரு பொறுப்பு? கடைசில ஆளைக் கூப்பிட்டது யாருன்னு பாத்து ஜூரா அக்காவைத்தான் உள்ள வைப்பாங்க. வீட்டுல விழுந்துட்டாருன்னு சொல்லுங்க. மத்தது எங்க பொறுப்பு. தலைநகர்ல பெரிய டாக்டருக்குச் சொல்றோம். நகராட்சி உங்களை மறக்காது."

போலீஸ்காரர் வந்தார். களைத்த முகம், ஈரமான தொப்பி. எங்கே என்று கேட்டார். புருல் இஸ்கெந்தரைப் பார்க்கவில்லை, ஜூராவைப் பார்த்தாள். ஜூரா தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பால்கனியிலேருந்து விழுந்துட்டாரு," என்றாள் புருல். "மூணாவது மாடி."

"குடிச்சிருந்தாரா?"

அவள் பதில் தேடுவதற்குள் அவர் எழுதிக்கொண்டார்.

நினைவு தெளிந்த பிறகு சகினிடம் அவளே சொன்னாள்.

"மூணாவது மாடியிலேருந்து விழுந்தா செத்திருப்பேனே," என்றான். "ரெண்டுன்னாவது சொல்லியிருக்கலாம்."

"வாய்ல அதுதான் வந்துச்சு."

"குடிச்சிருந்தேனாமா?"

"அவங்களா எழுதிக்கிட்டாங்க."

"எங்கப்பன் குடிச்சே செத்தான்னுதான் நான் தொடறதில்ல." பிறகு, "சரி விடு. புள்ளைங்களாவது ஆடட்டும்," என்றான். அதன்பின் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்ப முயன்றான், முதுகு ஒத்துழைக்கவில்லை. புருல்தான் திருப்பிவிட்டாள்.

அவன் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. தலைநகர் டாக்டர் ஒருமுறை எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்ததோடு சரி. ஊனமுற்றோர் உதவிக்குப் போன இடத்தில், குடிபோதையில் தானே விழுந்தவருக்கு இவ்வளவுதான் வரும் என்று கையை விரித்தார்கள். புருல் பகல் முழுக்கத் தையல் கூடத்திலும், வந்த பிறகு வீட்டு மெஷினிலும் தைத்தாள். படுக்கைப்புண் வராமல் அவனைப் புரட்டிப்போட இடையிடையே எழுந்தாள்.

பனி உருகியபோது திடலில் பச்சை விரிப்பு போட்டார்கள். சகின் அறுத்த குழாய்களை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கடையில் வாங்கிய வெள்ளைக் கம்பங்கள் வந்து நின்றன. அன்று மாலை புருல் ஜூராவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, புல்லு போட்டாச்சு. இனி யாரும் சீல் வைக்க மாட்டாங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுவோம். குடிகாரன்னு இருக்கறதையாவது அழிக்கணும். நாலு பேர் வந்து சொன்னா போதும்."

ஜூரா தேநீர்க் கிண்ணத்தை அவள் முன் நகர்த்தினாள். "நானே கேட்டுப் பாத்துட்டேன் புருல். உனக்கு முன்னாடியே, வீடு வீடா. ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. வரிசையில நின்னவங்க எல்லாருக்கும் அன்னிக்கு முதுகுதான் அந்தப்பக்கம் இருந்துச்சாம்."

"மக்சாத்? அவர் வேன்ல தானே..."

"அவனுக்குத் திடல் காவல் வேலை தர்றாங்க."

"நீங்க?"

ஜூரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "திறப்பு விழா முடியட்டும்," என்றாள்.

புருல் தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தாள். படிக்கட்டில் அவள் மகள் நுராய் உதட்டில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா மேலே சுவர்தான் விழுந்தது என்று சொன்னதற்கு, பொய்க்காரி என்று தள்ளிவிட்டார்களாம். தள்ளியது மக்சாத்தின் மகள். அவளும் அன்று வரிசையில் செங்கல் வாங்கியவள்தான். அவள் பொய் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க வீட்டில் கேட்டதை அப்படியே நம்பியிருந்தாள்.

திறப்பு விழாவுக்கு மேளம் வந்தது. கம்பள விரிப்பில் போர்சோக் ரொட்டியைக் குவித்து வைத்தார்கள். தலைநகரிலிருந்து வந்த அரசாங்கப் பெரியவர் வெள்ளைத் தொப்பி அணிந்து பந்தை உதைத்தார். சகின் சக்கர நாற்காலியில் பால்கனியில் இருந்தான். லிஃப்ட் இல்லாத கட்டடம். பெரியவர் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டதும், இஸ்கெந்தர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னதும் மேலிருந்து தெரிந்தது. பெரியவர் தலையை ஆட்டினார். கையை நீட்டிப் பால்கனியைக் காட்டிக் கொஞ்சம் அதட்டலாகவே பேசினார்.

அந்த வாரமே இரண்டு பேர் இரும்புக் கம்பிகளைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தார்கள்.

"நகராட்சியிலேருந்துக்கா. பால்கனிக்குக் கிரில் போடச் சொன்னாங்க. செலவெல்லாம் அவங்களுது."

"யாரு கேட்டா?" என்றாள் புருல்.

"பெரியவரே சொன்னாராம். அண்ணன் மறுபடி விழுந்துடக்கூடாதுன்னு."

புருல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து சகின், "விடு. அவன் கூலிக்கு வந்தவன்," என்றான்.

வெல்டிங் ஆரம்பித்தது. வெல்டிங் வைத்த பையன் கறுப்புக் கண்ணாடி இல்லாத சகினைப் பார்த்து, "கண்ணை மூடிக்குங்கண்ணே," என்றான். சகின் மூடிக்கொண்டான். முகத்தில் நீல ஒளி விட்டுவிட்டு அடித்தது. கம்பிகள் தரையிலிருந்து கூரை வரைக்கும் போயின, கை நுழையாத நெருக்கத்தில். முடிந்ததும் பையன் இரண்டு கைகளாலும் கிரில்லைப் பிடித்து உலுக்கிக் காட்டினான்.

"குதிரை வந்து முட்டினாலும் அசையாது."

அவர்கள் போனபிறகு கீழே விசில் ஊதியது. ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. சகின் நாற்காலியை முன்னே உருட்டி நெற்றி கம்பியில் படும்படி நிறுத்திக்கொண்டான். புருல் ஈரத்துணி கொண்டுவந்து கரியைத் துடைக்கத் தொடங்கினாள். வெல்டிங் சூடு இன்னும் ஆறவில்லை. துணி பட்டதும் இரும்பு சீறியது.

"அந்தக் கம்பி கொஞ்சம் மறைக்குது," என்றான் அவன். "கோல் யாரு போட்டாங்கன்னு பாத்துச் சொல்லு."