தாய்மாமன் மடியில்

அபிநயா போனை எடுக்கவே இல்லை. வினோதினி எத்தனை தடவைதான் அடிப்பாள்! அந்தப் போன், திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊரில் ஒரு மண்டபத்து நாற்காலியில் சாய்ந்து நின்று, குவைத்தில் இருக்கும் புருஷனுக்கு மகனின் காதுகுத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பாவம், அது இவளுக்கு எப்படித் தெரியும்?

வினோதினி பரம்பரை ரத்தக் கோளாறுகளை ஆராய்கிறவள். ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுப்பதுகூடச் சுலபம். வீட்டு ஆட்களின் வாயைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். போன மாதம் முழங்கால் வீங்கிய குழந்தை வளவனை அபிநயாவும் அவள் மாமியார் ராஜம்மாளும் தூக்கிவந்தார்கள். "கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டதற்கு, "நான் ஒருத்திதான் மேடம்" என்றாள் அபிநயா. மாமியார் தண்ணீர் குடிக்க நகர்ந்த பிறகுதான் நிஜம் வந்தது. அண்ணன்கள் இருவர் இருந்தார்கள். இருவரும் சிறு வயதிலேயே ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"எங்க வீட்ல சொல்லிடாதீங்க மேடம். என்னை வாழ விடமாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்று வினோதினி வாக்குக் கொடுத்தாள்.

இன்று காலை முடிவு வந்தது. ஹீமோபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் சத்து வளவன் உடம்பில் இல்லவே இல்லை. தாய் வழியாக வந்து மகனைப் பிடிக்கும் நோய் அது. காதுகுத்துக்கு அபிநயா சொன்ன தேதியும் மண்டபமும் வினோதினிக்கு நினைவுக்கு வந்தன. இன்றைக்குத்தான்! ஸ்கூட்டரை எடுத்தாள். முகூர்த்த நாள் வேறு, செங்கம் ரோடு முழுக்க வேனும் ஆட்டோவும் நகராமல் கிடந்து அவள் உயிரை வாங்கின.

மண்டபத்தில் நுழைந்தபோது, தாய்மாமன் முறைக்கு அபிநயாவின் பெரியப்பா மகன் உட்கார்ந்து வளவனை மடியில் வைத்திருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி தங்கக் கம்பியோடு குனிந்துவிட்டார்.

"நிறுத்துங்க!"

"யாரு, ரத்தம் எடுத்த டாக்டரம்மாவா?" என்றாள் ராஜம்மாள். "வாங்க வாங்க, சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

"கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லம்மா. இன்னிக்கு வேணாம்."

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான கீறான். நேரம் போவுது, குத்துங்க ஆசாரி."

வினோதினி அபிநயாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் தலை மெல்ல ஆடியது. எதை வேண்டாம் என்கிறாள், குத்துவதையா, சொல்வதையா? என்ன எழவு வாக்கைக் கொடுத்துத் தொலைத்தோம் என்று வினோதினிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அப்போதுதான் வளவன் காதுக்கு மேலே சந்தனம் சிவந்து ஊறுவதைக் கண்டாள். விரலால் வழித்தாள். அடியில் ஒரு கீறல்.

"இது எப்ப பட்டுது?"

"மொட்டை போடறப்ப கத்தி லேசா பட்டுச்சு" என்றாள் ராஜம்மாள். "காலையில பட்டது. மஞ்சள் வெச்சா நின்னுடும்."

"நிக்காது அத்தை."

அபிநயாதான் சொன்னாள். ஆசாரி கையை இழுத்துக்கொண்டார். அவளோ மாமியாரைப் பார்க்காமல் நாற்காலியில் இருந்த போனைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் நிக்கலங்க. பல்லு விழுந்து ஒருத்தன், சைக்கிள்ல விழுந்து ஒருத்தன். சொன்னா கல்யாணம் நின்னுடும்னு எங்கப்பா மறைச்சிட்டாரு. நானும் மறைச்சிட்டேன். என்கிட்டருந்துதாங்க இவனுக்கு வந்திருக்கு."

"அபி, என்னா சொல்ற நீ?" என்றது போன்.

"அடிப் பாவிங்களா! மறைச்சா கட்டிக்குடுத்தீங்க?" ராஜம்மாள் பேரனை வாரி எடுத்துக்கொண்டாள்.

"திட்றத அப்புறம் திட்டுங்கம்மா. மொதல்ல ஆஸ்பத்திரி. ரத்தம் உறைய ஊசி இருக்கு, போட்டா நின்னுடும்." வினோதினி சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் அழுத்தி, ராஜம்மாளின் கையை அதன்மேல் வைத்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. குழந்தையோடு ஏறிய ராஜம்மாள் மருமகளைக் கண்டதும் காலை நீட்டி மறித்தாள்.

"நீ வராத. அப்படியே உங்கப்பன் வூட்டுக்குப் போ."

அபிநயா ஆட்டோவின் கம்பியை விடவில்லை.

"கொழந்தையோட அம்மா கூட வரலன்னா ஊசி போடமாட்டாங்க" என்றாள் வினோதினி. பச்சைப் பொய். குரல் பிசிறவே இல்லை.

ராஜம்மாள் முறைத்தாள். துணியின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது. கால் மெல்ல உள்ளே போனது. அபிநயா ஏறி ஓரமாக ஒடுங்கினாள். ஆட்டோ கிளம்பி ரோட்டுக்குத் திரும்பும்போது, மருமகள் முகத்தைப் பார்க்காமலே ராஜம்மாள் சொன்னாள்:

"துணிய நீ புடிடி. எனக்குக் கை நடுங்குது."