மேலே இழுத்துக்கொண்ட ஏறுகம்பு

போன வருஷம், மான் வேட்டைப் பரணுக்கு ஏற மார்லிஸ் மரத்தில் சாத்தியிருந்த ஏணியை யாரோ அறுத்து வைத்திருந்தார்கள். மேல்படிகள் இரண்டையும் முக்கால்வாசி அறுத்து, அறுத்த தடத்தில் சேற்றைப் பூசியிருந்தார்கள். விடியலில் வில்லோடு ஏறியவள் படியோடு சேர்ந்து கீழே வந்தாள். முறிந்த விலா எலும்பு நுரையீரலில் குத்த, ரத்தமாய் இருமிக்கொண்டே சாலை வரைக்கும் தவழ்ந்தாள்.

அந்த யாரோ யாரென்று விஸ்கான்சினின் அந்தச் சிற்றூரில் எல்லோருக்கும் தெரியும். அவள் கணவன் லோவெலின் தம்பி டர்க். லோவெல் சாகும்போது காட்டை மனைவி பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனான். சின்ன வயதிலிருந்து தான் மான் அடித்த காடு வெல்டிங் வேலை பார்க்கிற ஒருத்திக்குப் போய்விட்டதே என்று டர்க் ஒவ்வொரு மதுக்கடையிலும் சொல்லித் திரிந்தான். ஷெரிஃப் ஆபீஸில் சாட்சி கேட்டார்கள். சாட்சிக்கு மார்லிஸ் எங்கே போவாள்?

விலா கூடியபின், அடுத்த அக்டோபரில், அவள் வேட்டைச் சாமான் கடைக்குப் போனாள்.

"மரத்துலயே கெடக்குற ஏணி இனிமே வேண்டாம் பெர்னடீன். கையோட கொண்டுபோய்க் கையோட கொண்டுவர்ற ஏறுகம்பு காட்டு."

கடைக்காரி பெர்னடீன் மேஜைமேல் மூன்று தினுசு எடுத்துப் போட்டாள். கை நீளத்துக்கு ஒரு அலுமினியக் கம்பு, அதில் மேலும் கீழும் கால் வைக்கப் படி. ஒன்றை அடிமரத்தில் கட்டி, அதன்மேல் நின்று அடுத்ததை மேலே கட்டி, இப்படியே பரண் வரைக்கும் ஏற வேண்டியதுதான்.

"இத எடுத்துக்கோ. புதுசு. பூனைக்குட்டி கனம்கூட இல்ல. கயித்தால கட்டுறது."

மார்லிஸ் அதை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டினாள். கணீரென்றது.

"இந்தச் சத்தத்துக்கு மான் கனடாவுக்கே ஓடிடும்."

"டேப் சுத்திக்கோடி. ஒரு கம்புக்கு இவ்வளவு நொட்டை சொன்னவ, எப்படித்தான் லோவெலக் கட்டிக்கிட்டியோ!"

"அவன்கிட்டயும் சத்தம் ஜாஸ்திதான்." மார்லிஸ் சிரித்துக்கொண்டே கம்பைத் தரையில் நிறுத்தி, படியில் பூட்ஸை வைத்துப் பார்த்தாள். பாதம் பாதி வெளியே தொங்கியது. பனியில் உறைந்த காலோடு இதில் நிற்க முடியாது. அடுத்ததற்கு இரண்டு பக்கமும் அகலப் படி, மரத்தைக் கவ்வும் பல், நாடாவும் பக்கிளும்.

"அது கனம். முதுகு ஒடிஞ்சிடும்."

"விலாவே ஒடிஞ்சாச்சு. முதுகு மட்டும் என்ன உசத்தியா?" பக்கிளை ஒரே கையால் திறந்து மூடிப் பார்த்தாள். "மேல நின்னுக்கிட்டே அடிக்கம்பக் கழட்டி இழுத்துக்க முடியுமா இதுல?"

"அது எதுக்கு? மான் மரமேறாதும்மா."

"மான் ஏறாது."

பெர்னடீன் சிரிப்பை விட்டுவிட்டு நான்கு கம்புகளைக் கட்டிக் கொடுத்தாள்.

நவம்பரில் ஆண்மான்கள் பெட்டையைத் தேடி வெறிபிடித்து அலையும் வாரம். மார்லிஸ் பழைய ஓக் மரத்தில் ஏறினாள். இரண்டாவது கம்பில் நின்று குனிந்து, அடிக்கம்பைக் கழற்றிக் கயிற்றால் மேலே இழுத்துக்கொண்டாள். பரணில் உட்கார்ந்து இடுப்புவாரை மரத்தோடு மாட்டினாள். வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் அகன்ற கொம்போடு ஒரு மான் வந்தது. அம்பு அதன் நெஞ்சுக்கூட்டில் புகுந்து மறுபுறம் வந்தது. மான் எகிறி, நாலு பாய்ச்சல் ஓடி, பரணுக்கு எதிரிலேயே சரிந்தது.

இறங்குவதற்காக வில்லைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டாள். அது தரையைத் தொட்டபோது பைக் சத்தம் கேட்டது.

டர்க் நாலுசக்கர பைக்கில் வந்தான். பின்னால் விறகு அறுக்கும் மோட்டார் ரம்பம். மூச்சு விட்டுக்கொண்டிருந்த மானின் கொம்பை பூட்ஸால் மிதித்து, இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கழுத்தை அறுத்தான். ஒரே வெட்டில் முடிக்கத் தெரிந்தவன்தான். வேண்டுமென்றே மெல்ல அறுத்தான்.

"நல்லாத்தான் அடிச்சிருக்க. எங்கப்பன் காட்டு மான்."

"எடத்தக் காலி பண்ணு டர்க்."

அவன் அவள் வில்லை எடுத்து முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தான். முறியவில்லை. பாறையில் ஓங்கி ஓங்கி அடித்துச் சிதைத்தான். பிறகு மரத்தடிக்கு வந்து அண்ணாந்தான். மிச்சக் கம்புகள் அவன் தலைக்கு மேலே இருந்தன. எம்பினான். விரல் படவில்லை. மறுபடி எம்பினான்.

மார்லிஸ் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"எட்டலியா? லோவெலா இருந்தா நின்ன எடத்துலேருந்தே தொட்டிருப்பான்."

அவன் முகம் மானின் ரத்தத்தைவிடச் சிவந்தது. ரம்பத்தை எடுத்து வந்து இழுத்து முடுக்கினான்.

"டேய், வேண்டாம்! நான் மரத்தோட கட்டியிருக்கேன்டா!"

"அப்ப மரத்தோடயே வா!"

ரம்பம் ஓக்கில் இறங்கியது. பரண் அவள் காலடியில் நடுங்கியது. குதித்தால் இடுப்பு சிதறும். மரத்தோடு விழுந்தால் நசுங்கிப்போவாள். மஞ்சள் மரத்தூள் பீறிட்டு வந்து மானின்மேல் படிந்தது. பக்கத்தில் தொங்கிய அடிக்கம்பின் கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் தூக்கி, பல் கீழே பார்க்கப் பிடித்து, தன் பலம் முழுவதையும் சேர்த்து எறிந்தாள்.

கம்பு அவன் தோளெலும்பில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மேலே இருந்த அவளுக்கும் கேட்டது. ரம்பம் துள்ளித் திரும்பி, அடங்குவதற்குள் அவன் தொடையைக் கிழித்தது. அவன் மல்லாக்க விழுந்தான். ரத்தம் நின்று நின்று பீச்சியது.

மார்லிஸ் வாரைக் கழற்றி, இருந்த கம்புகளில் இறங்கி, கடைசிக் கம்பிலிருந்து குதித்தாள். கணுக்கால் மடங்கியது. நொண்டியபடி அவனிடம் போனாள். அவன் இடது கையால் இடுப்புக் கத்தியை உருவினான். வீசினான். அவள் முன்கை நீளத்துக்குப் பிளந்தது.

"கிட்ட வராதடி!"

அவள் அவன் மணிக்கட்டை பூட்ஸால் மிதித்தாள். விரல்கள் விரிந்தன. இன்னும் ஒருமுறை மிதித்தாள். அதற்கு அவசியம் இருக்கவில்லை. பிறகு அவன் பெல்ட்டை உருவி, தொடைக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாள். அவன் ஊளையிட்டான். ரத்தம் நிற்கும் வரைக்கும் முறுக்கினாள்.

"எறந்துடுவேனா மார்லிஸ்?"

"பேசாத. பேசினா அவுத்து விட்டுடுவேன்."

ஒரு கையால் குச்சியைப் பிடித்தபடி மறுகையால் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இரண்டு பேர் ரத்தமும் மானின் ரத்தமும் கலந்து இலைச்சருகில் ஒரே சேறாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் கைக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார்.

"ரம்பத்தத் தட்டி விடத்தானே எறிஞ்சீங்க?"

"இல்ல. தலைக்குத்தான் எறிஞ்சேன். தவறிடுச்சு."

அவர் பேனாவை நிறுத்தினார். "அப்புறம் ஏங்க காப்பாத்தினீங்க?"

"தெரியல. ரத்தம் கொட்டுச்சு. கட்டினேன்."

டர்க்கின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். கோர்ட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து குற்றத்தை ஒத்துக்கொண்டு சிறைக்குப் போனான். ஏணியைப் பற்றி யாரும் கேட்காமலேயே அதையும் சொன்னான். அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி அறுபட்ட ஓக் காற்றில் முனகிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டால் யார்மேலாவது விழும். வசந்தம் வந்ததும் மார்லிஸ் தன் ரம்பத்தோடு போனாள். அவன் விட்ட வெட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்தாள். மரம் சாய்ந்தபோது நிலம் அதிர்ந்தது. அவள் ரம்பத்தை அணைத்துவிட்டு அடிமரத்தில் உட்கார்ந்து, லோவெல் செத்த நாளில்கூட அழாத அழுகையை அழுது தீர்த்தாள்.