நான்கு கேள்விக்குறிகள்

தம்பியின் கணினி முன்னால் அவள் உட்கார்ந்தபோது அப்பா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். இரவெல்லாம் கிடங்கு வாசலில் காவல் இருந்துவிட்டு வந்த உடம்பு. ஆனாலும் கண் மூடவில்லை.

"என்னம்மா பண்றே அதுல?"

"ஒரு சாஃப்ட்வேர் போடறேன்ப்பா. புள்ளிவிவரக் கணக்குக்கு. 'ஆர்'னு பேரு."

"ஒரே எழுத்தா? மிச்சத்த எலி தின்னுடுச்சா?"

அவள் சிரித்தாள். தம்பி லாரியில் அடிபட்டுப் போனதிலிருந்து அப்பா வாயில் கேலி வருவது அபூர்வம்.

அவள் வேலை பார்த்த பெயின்ட் ஆலையின் சோதனைக்கூடத்தை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு மருத்துவமனை தேர்வு வைத்திருந்தது. விபத்துப் பிரிவில் சேர்ந்தவர்கள் எத்தனை நாள் உயிரோடு இருந்தார்கள் என்று கணக்கிட்டு, வரைபடத்தோடு நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். தரவில் இறந்தவர்களுக்கு ஒன்று, பிழைத்தவர்களுக்குப் பூஜ்யம். இந்த வேலையும் கைநழுவினால் அப்பாதான் தொடர்ந்து நிற்க வேண்டும். அவருடைய முழங்கால் இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது.

மென்பொருள் சமர்த்தாக ஏறிக்கொண்டது. அதற்கு வேண்டிய கூடுதல் தொகுப்புகள்தான் ஏற மறுத்தன. சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தது. கோப்புறையின் பாதையில், பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கேள்விக்குறிகள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. தமிழ் எழுத்தை அதற்குப் படிக்கத் தெரியவில்லை; எழுத்துக்கும் துணைக்குறிக்குமாக ஆளுக்கொரு கேள்விக்குறி. கணினி வாங்கிய அன்றைக்கு, பெயரை ஆங்கில எழுத்தில் போடச் சொன்ன கடைக்காரரிடம், "தமிழ்ல போட்டா கோவிச்சுக்குமா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத் தம்பி தன் செல்லப்பெயரையே அடித்தான்: வாலு.

தினமும் சாயங்காலம், வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா கணினியைப் போடுவார். நுழைவுத் திரையில் வாலு என்ற பெயரும் தம்பியின் சிரித்த படமும் வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அவர் கேட்டதே இல்லை. "உள்ள போனா அவன் இல்லன்னு ஆயிடும்மா" என்பார்.

ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் பார்த்து, தொகுப்புகளைத் தேட வேண்டிய இடத்தை மொத்தக் கணினிக்குமாக ஒரு வரியில் எழுதி வைத்தாள். அந்த வரியில் அவள் குறித்த இடமும் தம்பியின் கோப்புறைதான். பலனில்லை. பிறகு ஆங்கில எழுத்தில் தன் பெயருக்கு ஒரு புதிய பயனர் கணக்கைத் தொடங்கி, அதில் போய் மறுபடி முயன்றாள். அங்கேயும் அதே நான்கு கேள்விக்குறிகள்.

பழைய அலுவலகத்தில் சீனியராக இருந்த அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. மணி மூன்றாகிவிட்டது. அந்தக் கோப்புறை இருக்கிற வரைக்கும் மென்பொருள் அங்கேதான் போய் நிற்கும் என்று தோன்றியது. உள்ளே அப்படி என்ன இருக்கிறது? விளையாட்டுகள், மொட்டை மாடியில் நண்பர்களோடு எடுத்த சில வீடியோக்கள், அவன் பாடிப் பதிந்துவைத்த அரைகுறைப் பாட்டுகள். பிரதி எடுக்கப் பென்டிரைவைத் தேடினாள். கிடைக்கவில்லை.

தம்பியின் கணக்கை நீக்கினாள். கோப்புகளையும் அழிக்கவா என்று கேட்டது. அழி என்றாள்.

மறுபடி ஓட்டினாள். இப்போது இல்லவே இல்லாத அந்தக் கோப்புறையைத் தேடிக்கொண்டு அதே கேள்விக்குறிகள் வந்து நின்றன.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள்.

"மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன்டி. எதாவது வரிய மொத்த மெஷினுக்கும் எழுதி வச்சியா?"

"ஆமாக்கா."

"அதத் தூக்கு. அதான் உன்ன விடாம அங்கயே இழுக்குது. நீயே பூட்டிட்டு நீயே சாவியத் தேடறே, லூசு. பழைய கணக்க ஒண்ணும் பண்ணிடலயே? அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"இல்லக்கா" என்றாள்.

வரியை எடுத்ததும் தொகுப்புகள் மளமளவென்று ஏறின. வரைபடம் வந்தது. ஒவ்வொரு சாவுக்கும் கோடு ஒரு படி கீழே இறங்கியது. அனுப்பி முடித்த கையோடு இன்னொரு கணக்கைத் தொடங்கினாள். பெயர்: வாலு. அதே கடவுச்சொல். கைபேசியில் இருந்த அதே சிரித்த படம். கணினியை அணைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்பா சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்தார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்ப்பா."

"கெடைச்சிரும். நீ விட்டாலும் உன் தலையெழுத்து விடாது" என்று கணினியைப் போட்டார். படம் வந்தது. ஓரத்தில் சின்னதாக நின்ற அவள் பெயரை அவர் கவனிக்கவில்லை. எந்த வித்தியாசமும் தெரியவில்லை அவருக்கு. அவள் மூச்சு விட்டாள்.

ஆனால் அவர் அணைக்கவில்லை.

"காலையிலேந்து நீ உள்ளயே உக்காந்து தட்டிட்டிருந்தே. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டே படுத்திருந்தேன். ஒண்ணும் ஆகலையே. இன்னிக்கி நானும் பாத்துடறேம்மா. அவன் பாடி வச்சிருக்கான்னு சொல்வியே, அதப் போடு."

"நேரமாச்சுப்பா. நாளைக்கு..."

"கிடங்கு எங்கயும் ஓடிடாது. தொற."

கடவுச்சொல்லை அடித்தாள். திரை நீலமாகி, நடுவில் புள்ளிகள் சுழன்றன. வணக்கம், எல்லாவற்றையும் உங்களுக்காகத் தயார் செய்கிறோம் என்று, புதுக் கணக்கை முதல்முறை திறக்கும்போது மட்டும் வரும் எழுத்துகள் வந்தன.

"அவசரமில்ல, மெதுவா வரட்டும்" என்று அப்பா நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.